நல்லசிவத்தின் பானெட்

“சாமி, என் கார் மேல எல்லாரும் கை வைக்கறாங்க,” என்றார் நல்லசிவம்.

ஓடைச்சாமி தன் பழைய வெள்ளை அம்பாசிடரைக் கழுவிக்கொண்டிருந்தார். தேங்காய் நாரால் பானெட்டைக் கரகரவென்று தேய்த்தபடியே கேட்டார்.

“எல்லாரும்னா யாருங்கண்ணா?”

“பால்காரர் சாயறார். வரப்போற சம்பந்தி காபி டம்ளரைக் கொண்டாந்து பானெட் மேல வைக்கறார். சுடச்சுட. நான் பெத்த பொண்ணு சிந்துஜா தூசியில விரலால பேர் எழுதறா.”

“யார் பேரு?”

“‘உங்க பேருதான் அப்பா’ன்னா. படிக்கறதுக்குள்ள நானே துடைச்சுட்டேன். சாமி, அந்த நாரைக் கீழ போடுங்க. பெயின்ட்ல கோடு விழும்.”

சாமி நாரைத் திருப்பிப் பார்த்தார். காரைப் பார்த்தார். புதிதாகக் கோடு விழ அதில் இடம் ஏதும் மிச்சமில்லை. மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.

நல்லசிவத்துக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி. வயது ஐம்பத்தேழு. சாமிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் ஓடைக்கரை மடத்துக்கு வந்து சாமி காலில் விழாத வாரம் கிடையாது. ஞானம் வந்ததோ இல்லையோ, போன மாதம் புதுக் கார் வந்துவிட்டது. கறுப்பு நிறம். அன்றிலிருந்து அவர் வீட்டில் அதிகம் கேட்ட சொல் “தொடாதே”.

நல்லசிவம் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார்.

“இது என்னங்கண்ணா?”

“பெயின்ட் மேல அடிக்கற ஸ்ப்ரேங்க. அடிச்சுத் துடைச்சா மேல ஒரு படலம் உட்கார்ந்துக்கும். அப்புறம் தண்ணி, தூசி, காக்கா எச்சம், எதுவும் ஒட்டாது.”

“அடிச்சுட்டீங்களா?”

“இன்னும் இல்லீங்க. புதுக் கார் பாருங்க. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா? அதான், முதல்ல உங்க கார்ல அடிச்சுப் பார்க்கலாம்னு.”

வேறு சாமியாராக இருந்தால் அந்த இடத்திலேயே சாபம் கொடுத்திருப்பார். ஓடைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“பாதிக்கு அடிங்க. மீதி எனக்கு இருக்கட்டும்.”

நல்லசிவம் பானெட்டின் நடுவில் நீளமாகப் பேப்பர் டேப் ஒட்டினார். இடது பாதியில் மட்டும் புஸ் புஸ்ஸென்று அடித்தார். மெத்தென்ற துணியால் வட்ட வட்டமாகத் துடைத்தார். மகளைக் குளிப்பாட்டிய காலத்தில்கூட அவர் கை இத்தனை பதமாக இருந்ததில்லை.

காய்ந்ததும் சாமி ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினார். வலது பாதியில் தண்ணீர் சோம்பலாகப் பரவிப் படுத்துக்கொண்டது. இடது பாதியில் உருண்டு உருண்டு தரையில் குதித்தது.

மோர் ஊற்றினார். ஓடியது.

ஓடையிலிருந்து சேற்றை வாரி எறிந்தார். வழுக்கி விழுந்தது.

“பார்த்தீங்களா!”

நல்லசிவம் கைதட்டினார். இத்தனை வருடத் தியானத்தில் ஒருநாளும் அவர் முகத்தில் அப்படியொரு ஒளி வந்ததில்லை.

கடைசியாகச் சாமி சந்தனக் கிண்ணத்தைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு பாதியிலும் ஒரு பொட்டு வைத்தார். மேலே தண்ணீர் ஊற்றினார்.

வலது பொட்டு கொஞ்சம் கலங்கி, அங்கேயே இருந்தது. இடது பொட்டு இருந்த இடமே தெரியவில்லை.

“இதுவும் ஒட்டாதுங்களா?”

“எதுவும் ஒட்டாதுங்க சாமி! மூணு வருஷம் உத்தரவாதம்!”

சாமி இடது பாதியை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு சொம்பைக் கழுவப் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே கறுப்புக் கார் முழுவதும் ஸ்ப்ரே ஏறியது.


மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் நல்லசிவம் மறுபடி வந்தார்.

“சாமி, நாளைக்கு உங்க காரைக் கொடுக்கணும். பொண்ணும் மாப்பிள்ளையும் போறதுக்கு.”

“உங்க கார் என்னாச்சுங்கண்ணா?”

“பூ அலங்காரம் வேணுங்கறா. பூவை டேப் போட்டு ஒட்டுவானுங்க.”

“எதுவும் ஒட்டாதுன்னீங்களே?”

“அதாங்க பயமே. ஒட்டலைன்னா கயிறு போட்டுக் கட்டுவானுங்க. கோடு விழும்.”

“சிந்துஜா பாப்பா என்ன சொல்லுது?”

நல்லசிவம் தலையைச் சொறிந்தார்.

“நகைகூடக் குறைச்சுக்கங்கப்பா, உங்க கார்லதான் போவேன்னு சொல்லிட்டிருந்தா. நான் முடியாதுன்னேன். ‘சரிப்பா’ன்னா.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதாங்க.”

சாமி உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து கொடுத்தார்.


கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பெண்ணை அனுப்பும் நேரம். மண்டப வாசலில் அம்பாசிடர் பூச்சூடி நின்றது. கறுப்புக் கார் தள்ளி, யாரும் உரச முடியாத தூரத்தில் தனியாக நின்றது.

வரவேற்பு மேசையைத் தாண்டும்போது சிந்துஜா நின்றாள். சந்தனக் கிண்ணத்தில் உள்ளங்கையை முக்கி எடுத்தாள். பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேரே கறுப்புக் காரிடம் போனாள். பானெட்டின் மேல் கையை அழுத்தி வைத்தாள்.

“அப்பா! தொட்டுட்டேன்!”

சிரித்தாள். சிரிக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அம்பாசிடரில் ஏறிப் போய்விட்டாள்.

நல்லசிவம் பழக்க தோஷத்தில் பையிலிருந்து துணியை எடுத்தார். கை பானெட் வரைக்கும் போய் நின்றுவிட்டது.

ஐந்து விரல்களும் அச்சாகப் பதிந்திருந்தன. சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் வளைந்திருந்தது. சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து உடைத்துக்கொண்டது. மாவுக்கட்டுப் போடும்வரை அவர் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். அவருக்கு அது மறந்தே போயிருந்தது.

அப்போது பார்த்துத் தூறல் போட்டது.

நல்லசிவம் அங்கவஸ்திரத்தை உருவி விரித்துப் பிடித்தார். போதவில்லை. குறுக்கே குனிந்து நின்று பார்த்தார். தூறல் மழையாக வலுத்தது. பந்தல்காரரிடம் தார்ப்பாய் கேட்டு ஓடினார்.

திரும்பி வந்தபோது பானெட் பளபளவென்று இருந்தது. ஸ்ப்ரே சொன்ன சொல் தவறவில்லை.


சாயங்காலம் மடத்து வாசலில் கறுப்புக் கார் வந்து நின்றது. திரும்பி வந்திருந்த அம்பாசிடரைச் சாமி தேய்த்துக்கொண்டிருந்தார்.

“சாமி, போயிடுச்சு.”

“என்ன போயிடுச்சுங்கண்ணா?”

“என் பொண்ணு கை.”

நடந்ததைச் சொன்னார். முந்நூறு பேருக்குச் சம்பளம் கொடுக்கும் மனிதர், மடத்து வாசலில் விசும்பி அழுதார். பார்க்கப் பாவமாக இருந்தது.

“ஒரு பொட்டுகூட நிக்கலைங்க சாமி.”

“நல்ல ஸ்ப்ரே,” என்றார் சாமி.

“இந்தப் படலத்தை எடுக்கறதுக்கு என்ன ஸ்ப்ரே அடிக்கணும்?”

“மூணு வருஷம் உத்தரவாதம்னீங்க.”

நல்லசிவம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“மறுவீட்டுக்கு எப்ப வர்றாங்க?” என்று கேட்டார் சாமி.

“நாளைக்குக் காலைலங்க.”

சாமி கையிலிருந்த தேங்காய் நாரை நீட்டினார்.

நல்லசிவம் நாரைப் பார்த்தார். காரைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

முதல் கோடு விழுந்தபோது “ஐயோ” என்று கத்தினார். இரண்டாவது கோட்டுக்கு முனகினார். அதற்குப் பிறகு நாரின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

சாமிக்கு மனசு கேட்கவில்லை. வாளியிலிருந்து இன்னொரு நாரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய்க் குனிந்தார்.

“தொடாதீங்க சாமி!”

நல்லசிவம் இரண்டு கையையும் குறுக்கே நீட்டித் தடுத்தார்.

“நாளைக்கு அவ கை வைக்கற இடம்.”