மேப்பிலிருந்து விழுந்த மேனேஜர்

குரலை உயர்த்தினால் கணினியும் பயந்துவிடும் என்று நம்புகிற ஆட்கள் உண்டு. மென்பொருள் கம்பெனி மேனேஜர் அருணகிரி அந்த ரகம்.

பயிற்சிக்கு வந்திருந்த இசக்கியைக் கூப்பிட்டார். "ஊழியர் லிஸ்ட்டை மேப்பா, அதான் பேரும் விவரமும் ஜோடியா இருக்கிற பட்டியலா, மாத்து. பேரை அடிச்சா ஆள் விவரம் வரணும். லாம்டாங்கிற குட்டி ஃபங்ஷன் போட்டு ஒரே வரியில முடி. முதலாளியம்மா பார்க்க வர்றாங்க. எரர் வந்துச்சு, உன் வேலை போச்சு!"

இசக்கி எழுதி ஓட்டினாள். எரர்தான் வந்தது.

"சார், ஒரே பேர்ல ரெண்டு பேர் இருக்காங்க. மேப்ல ஒரு பேருக்கு ஒருத்தர்தான் நிக்க முடியும். பேருக்குப் பதிலா ஊழியர் எண்ணை வெச்சுக்கலாமா?"

"எனக்கே பாடமா? பேர் மோதினா பின்னாடி வர்றவனை வை, முன்னாடி இருக்கிறவனைத் தூக்கு!"

"அந்த ரெண்டு பேர் யாருன்னா சார்..."

"எவனா இருந்தா எனக்கென்ன? எழுதும்மா!"

அவர் சொன்னபடியே லாம்டாவில் எழுதினாள். எரர் போனது.

முதலாளியம்மா வந்து உட்கார்ந்தார். ஊழியர்கள் சுற்றி நின்றார்கள். "உங்க பேரையே அடிங்க, பார்ப்போம்."

அருணகிரி கம்பீரமாக அடித்தார். திரையில் வந்தது: அருணகிரி, கேன்டீன், தோசை மாஸ்டர்.

"நான் எங்கே?" என்று அலறினார்.

"மாஸ்டர் உங்களுக்கு அப்புறம் சேர்ந்தவர் சார், லிஸ்ட்ல பின்னாடி இருக்கார். முன்னாடி இருக்கிறவரைத் தூக்கச் சொன்னீங்க. தூக்கிட்டேன்."

அறையே சிரித்தது. முதலாளியம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"இவ வேலையில இருக்கட்டும் அருணகிரி. உங்களை மறுபடி உள்ளே சேர்க்கணுமே, அதை மரியாதையா இவகிட்டயே கேளுங்க."