தேர்வீதியில் உடைந்த பூசணிக்காய்

முன்னொரு காலத்திலே, நெடுங்கரை நாட்டை மாணிக்க பூபதி என்கிற ராஜா ஆண்டு வந்தார். காலையில் பிடித்தது அவருக்கு மத்தியானம் பிடிக்காது. அந்த வருஷம் அவருக்குத் தேர் பிடித்திருந்தது. ராஜாவுக்குப் பிடித்துவிட்டால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? பெரிய மனுஷர்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு தேர் செய்துகொண்டார்கள். அடுத்த வீட்டுக்குப் போவதற்கும் தேர்தான். கால் எதற்கு என்றால், தேரில் ஏறுவதற்கு!

எல்லோரையும் மிஞ்சியவர் தேர்ப்படைத் தளபதி சண்டமாருத ராயர். புயலாகப் பறப்பார். அப்படி என்ன அவசரமோ தெரியாது. போய்ச் சேர்ந்ததும் வெற்றிலை மென்றுகொண்டு சாய்ந்து கிடப்பார்.

அதே ஊரில் காய்கறி விற்பவள் உலகாயி. ஒரு மழைநாள் காலை, தலையில் கூடை, இடுப்பில் கைக்குழந்தை, கையில் மூன்று வயது மயிலு என்று தேர்வீதியைக் கடந்துகொண்டிருந்தாள். பாதி வீதியில் ராயரின் தேர் வந்தது. உலகாயி மயிலுவை வெடுக்கென்று இழுத்தாள். சக்கரம் பிள்ளையின் பாவாடை ஓரத்தை உரசிக்கொண்டு போனது. மூவர் மேலும் சேறு.

"ஓரமாப் போகத் தெரியாது? கண்ணை எங்கே வெச்சிருக்கே?" என்று ராயர் திரும்பிப் பார்க்காமலே கத்திவிட்டுப் போனார்.

மயிலுவுக்கு முதலில் அழுகையே வரவில்லை. உலகாயி பிள்ளையின் கை காலைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிள்ளை வீறிட்டு அழுத பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. முகத்தைக்கூடக் கழுவாமல் நேராக அரசவைக்கு நடந்தாள்.

ராஜா விஷயத்தைக் கேட்டுவிட்டு ராயரைப் பார்த்தார்.

"மகாராஜா, வீதி இருப்பது தேருக்கு," என்றார் ராயர். "நடக்கிறவர்கள் ஒரு எட்டு ஒதுங்கினால் தீர்ந்தது. இதற்கெல்லாம் சபையா?"

"அடேயப்பா! ஒரே எட்டா?" என்று உலகாயி கன்னத்தில் கைவைத்தாள். "இது தெரியாம இத்தனை நாளா நான் கஷ்டப்பட்டுட்டேனே! ராசா, ஐயா எப்படிக் கடக்கிறாருன்னு ஒருதரம் நடந்து காட்டச் சொல்லுங்க. பார்த்துக் கத்துக்கறேன்."

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்துவிட்டார். ஒரு காய்க்காரி பேச்சை ராஜா ரசிப்பதா என்று ராயருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இப்போதே காட்டுகிறேன்! உன் பிள்ளைகளைக் கொடு!" என்று துள்ளி எழுந்தார்.

"பிள்ளைகளையா? உங்களை நம்பியா?" என்றாள் உலகாயி. "இடுப்புக்கு என் கூடைப் பூசணிக்காய் போதும். அது உடையக் கூடாது. கைக்கு ஓர் ஆட்டுக்குட்டி. அது கையை விட்டுப் போகக் கூடாது. மூணு வயசுப் பிள்ளைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் பெரிய வித்தியாசமில்லை. குட்டி கொஞ்சம் சொன்ன பேச்சுக் கேட்கும். அப்புறம், அந்தத் தலைப்பாகையும் பட்டும் வேண்டாம் ஐயா. எங்களுக்கு ஏது அதெல்லாம்?"

"தேர்கள் எதுவும் நிற்கக் கூடாது!" என்று நிபந்தனையை ராயரே போட்டார். அவ்வளவு தைரியம்.

அரண்மனை மாடத்தில் ராஜாவும் சபையும் உலகாயியும் வேடிக்கை பார்க்க நின்றார்கள். கீழே தேர்வீதியில் நாலு முழ வேட்டியோடு ராயர், இடுப்பில் பூசணி, கையில் குட்டியின் கயிறு. ஒரு எட்டு வைத்தார். தேர் வந்தது, பின்வாங்கினார். இன்னொரு எட்டு வைத்தார். இன்னொரு தேர், வேட்டியெல்லாம் சேறு. வேகமாக வந்தவர்களில் ஒருவருக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை. "வழியை விடுய்யா பெருசு!" என்று ஒருவன். "வீட்டிலே சொல்லிட்டு வந்தியா?" என்று இன்னொருவன்.

ஒரு நாழிகைக்குப் பிறகு ஒருவழியாக நடுவீதி வரை வந்தார். அங்கே குட்டி உட்கார்ந்துகொண்டது. இழுத்தார், கெஞ்சினார், அதட்டினார். அது பாட்டுக்கு ஓர் இலையைத் தின்றது. அப்போது வந்தது ராயரின் சொந்தத் தேர்தான். அவருடைய சாரதி குதிரைகளைக் குளிப்பாட்டக் குளத்துக்கு ஓட்டிப் போகிறான். யாருக்காகவும் நிறுத்தாதே என்பது எஜமானர் உத்தரவாயிற்றே!

ராயர் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓரமாகப் பாய்ந்தார். பூசணி இடுப்பிலிருந்து நழுவியது. சக்கரம் அதன் மேல் ஏறி இறங்கியது.

"ராயருக்குத் திருஷ்டி கழிஞ்சது!" என்று யாரோ கத்த, மாடமே அதிர்ந்தது. ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். துடைத்துக்கொண்டு திரும்பினால், உலகாயி மட்டும் சிரிக்கவில்லை. கைக்குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு, வீதியில் சிதறிக் கிடந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனம்மா, நீதானே ஜெயித்தாய்?"

"பூசணிக்காய்ங்கிறதால சிரிக்கிறோம், ராசா."

மாடத்தில் சிரிப்பு நின்றது. ராஜாவும் அந்தச் சிதறலைக் குனிந்து பார்த்தார். பிறகு உத்தரவு பிறந்தது: "பிள்ளையோடு யார் வீதியில் கால் வைத்தாலும் தேர் நிற்க வேண்டும். என் தேரும்தான். ராயருக்கு ஒரு வருஷம் தேர் கிடையாது. தினமும் காலையில் தேர்வீதியில் நின்று தேர்களை நிறுத்தட்டும். பெரிய குரல் அவருக்கு, இனியாவது உபயோகப்படட்டும்."

தன் முத்துமாலையையும் கழற்றி உலகாயியிடம் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கென்ன பைத்தியமா?

மறுநாள் காலை, பிள்ளைகளோடு அவள் வீதியில் இறங்கியபோது ராயர் அங்கே நின்றிருந்தார். வந்த முதல் தேர் ராஜாவுடையது. ராயர் ஒரு எட்டு பின்வாங்கினார். ஆனாலும் கையைத் தூக்கி, "நிறுத்து!" என்று கத்தினார். தேர் நின்றது.

மயிலு பாதி வழியில் நின்று, குதிரையை அண்ணாந்து பார்த்து, "உன் பேரு என்ன?" என்று கேட்டாள். குதிரை சொல்லவில்லை. அவள் காத்திருந்தாள். ராஜாவும் காத்திருந்தார்.

ராயருக்கு வேர்த்துக் கொட்டியது. "தாயே, கொஞ்சம் வேகமா நடக்கச் சொல்லேன்!" என்றார்.

"மூணு வயசுக்கு இதுவே நல்ல வேகம்தான் ஐயா," என்றாள் உலகாயி.