ஏழு நாள் அறிவிப்பு

குருவுக்கு வயது நாற்பத்தொன்று, சீடருக்கு ஐம்பத்திரண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் படிப்பவர்கள் தாடியும் ஆலமரமுமாகக் கற்பனை செய்துகொள்வார்கள்.

குரு பேராசிரியர் தாட்சாயணி. கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் தொழிற்பொறியியல் துறையில் இருந்தார். சீடர் இருதயராஜ், பம்ப்செட் தொழிற்சாலை ஒன்றில் உற்பத்தி மேலாளர். வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். சீடர் குருவை ‘மேடம்’ என்பார், குரு சீடரை ‘சார்’ என்பார். இருவருக்கும் அது சௌகரியமாக இருந்தது.

தொழிற்பொறியியல் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஒரு வேலையைப் பக்கத்தில் நின்று பார்ப்பது, இந்தப் படி எதற்கு என்று கேட்பது, வேண்டாததை எடுத்துவிடுவது. இருதயராஜ் இதில் கெட்டிக்காரர். இருபத்தாறு வருடமாக எடுத்துக்கொண்டே இருந்தவர். வீட்டில் காபி போடுவதில் இரண்டு படியை எடுக்கப் போய், அவர் மனைவி ஒரு வாரம் காபியே போடவில்லை.

ஆராய்ச்சிக்கு ஏழு வருடம்தான் கெடு. அது ஜூன் முப்பதோடு முடிகிறது. தாண்டினால் பதிவு ரத்து. நான்கு பாடங்களைப் படித்துவிட்டார். மகன் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தகுதித் தேர்வு எழுதினார், முதல் தடவை தோற்றார், இரண்டாம் தடவை தேறினார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆராய்ச்சிக் குழுவின் முன்னால் நின்றார். கட்டுரைகளும் வெளிவந்துவிட்டன.

மிச்சம் ஒன்றுதான். ஆய்வுச் சுருக்கத்தைக் கொடுப்பதற்கு முன்னால் துறையில் ஒரு கருத்தரங்கு நடத்த வேண்டும். அதற்கான அறிவிப்பு முழுதாக ஏழு நாள் பலகையில் இருக்க வேண்டும்.

ஜூன் இருபதாம் தேதி அவர் ஒரு பெரிய தாளைச் சுருட்டிக்கொண்டு வந்தார்.

“மேடம், நம்ம ரூல் புக்கையே ஒரு சார்ட்டா போட்டுப் பார்த்தேனுங்க.”

தாள் மேசையை மூடியது. வேலைக்கு வட்டம், நடைக்கு அம்பு, சோதனைக்குச் சதுரம், தாமதத்துக்கு ஆங்கில ‘டி’ எழுத்து. அந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த குறிகள்.

“சேர்றதுல இருந்து பட்டம் வாங்குற வரைக்கும் அறுபத்தி மூணு படிங்க. அதுல நிஜமான வேலை பதினொண்ணு. பாக்கியெல்லாம் நடையும் கையெழுத்தும் காத்துக்கெடக்கறதும்தான்.”

தாட்சாயணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“பிரமாதம் சார். ஆராய்ச்சிக்குப் பதிலா இதையே கொடுத்திருக்கலாம்.”

“கிண்டல் பண்றீங்க.”

“பாதிதான் கிண்டல்.”

அவர் விரல் ஐம்பத்தெட்டாவது படியில் நின்றது. அங்கே சிவப்புப் பென்சிலில் ஒரு பெரிய ‘டி’ இருந்தது.

“இது என்ன சார்?”

“ஏழு நாள் நோட்டீஸுங்க. அது விஷயமாத்தான் வந்தேன்.”

இருதயராஜின் குரல் இறங்கியது.

“இன்னைக்கு ஒட்டினா இருபத்தெட்டாம் தேதிதான் கருத்தரங்கு. அப்புறம் ரெண்டே நாள். நடுவுல யாருக்காச்சும் காய்ச்சல் வந்தாக்கூட என்ற ஏழு வருஷமும் போச்சுங்க. போன வாரமே ஒட்டினதா ஒரு தேதியப் போட்டு நீங்க கையெழுத்துப் போட்டா, நாளைக்கே முடிச்சிரலாம். குழுவுல மூணு பேருகிட்டயும் பேசிட்டேன். நாளைக்கு எல்லாரும் ஊர்லதான் இருக்கறாங்க.”

தாட்சாயணி கண்ணாடியைக் கழற்றினார்.

“வர வேண்டியவங்க எல்லாரும் வர்றப்ப நோட்டீஸ் யாருக்குங்க மேடம்?”

தாட்சாயணி மேசை இழுப்பறையைத் திறந்தார். நான்கு பின்களை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

“லிஃப்ட் பக்கத்துல போர்டு இருக்கு சார்.”

இருதயராஜுக்குக் கோபம் வந்தது. தன்னைவிடப் பதினோரு வயது சின்னவர், தொழிற்சாலையில் ஒரு நாள் வேலை பார்க்காதவர், பின்னைக் கொடுத்து அனுப்புகிறாரே என்று இருந்தது. அறிவிப்பைப் பலகையில் குத்தின வேகத்தில் ஒரு பின் கட்டைவிரலில் ஏறியது.

அவர் லீவு போட்டுவிட்டு, பலகைக்கு எதிரே இருந்த ஆராய்ச்சி மாணவர் அறையில் உட்கார்ந்தார். தொழில் புத்தி விடவில்லை. அறிவிப்பை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டே வந்தார். ஐந்தாம் நாள் அந்தக் காகிதத்தோடு குருவிடம் போனார்.

“இருநூத்தி எழுபது பேர் கடந்து போயிருக்காங்க மேடம். நின்னவர் ஒருத்தர்.”

“படிச்சாரா?”

“செருப்பு வாரைச் சரிபண்ணிட்டுப் போனாருங்க.”

“சரி சார். இன்னும் ரெண்டு நாள் இருக்கே.”

அதற்குமேல் எண்ணுவதற்கு இருதயராஜுக்கு மனம் வரவில்லை. மறுநாள் வீட்டிலேயே உட்கார்ந்து பேச்சைத் தயார் செய்தார்.

அந்த மறுநாள்தான் ஆய்வகப் பணியாளர் செண்பகவல்லி லீவு முடிந்து திரும்பினார். பொள்ளாச்சியில் மகளுக்குப் பிரசவம், பேத்தி பிறந்திருந்தாள். வந்தவர் லிஃப்டுக்குக் காத்திருந்த நேரத்தில் அறிவிப்பைக் கடைசி வரி வரைக்கும் படித்தார். துறையில் படிப்பவர்கள், வேலை பார்ப்பவர்கள் யாரும் வரலாம் என்பது கடைசி வரி.

இருபத்தெட்டாம் தேதி கருத்தரங்கு நடந்தது. யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. குழுவில் மூன்று பேர், மாணவர்கள் இரண்டு பேர், தாட்சாயணி, கடைசி வரிசையில் செண்பகவல்லி.

இருதயராஜ் நன்றாகப் பேசினார். தன் தொழிற்சாலையில் பம்பு மோட்டாருக்குக் கம்பி சுற்றும் ஐம்பது பெண்களை ஸ்டாப் வாட்ச் வைத்து நானூறு தடவை அளந்திருந்தார். ஒரு ஷிப்டுக்கு ஆளுக்கு முப்பத்தெட்டு மோட்டார் சுற்றுகிறார்கள், நாற்பத்தாறு சுற்ற முடியும் என்பது அவர் முடிவு. அடுத்த மாதத்திலிருந்து நாற்பத்தாறு என்று தொழிற்சாலையிலும் தீர்மானித்திருந்தார்கள்.

குழுவுக்குத் திருப்தி. ஒருவர் கடிகாரத்தைக்கூடப் பார்த்துவிட்டார். அப்போதுதான் கடைசி வரிசையில் ஒரு கை எழுந்தது.

“நான் ஒண்ணு கேக்கலாங்களா சார்?”

“கேளுங்கம்மா.”

“இங்க வர்றதுக்கு முன்னாடி நானும் ஒரு பம்ப் கம்பெனியில ஒம்பது வருஷம் கம்பி சுத்தினேனுங்க. கம்பி முனையில மாட்டறதுக்குச் சின்னக் குழாயாட்டம் ஸ்லீவ் வெட்டுவமில்லீங்க, அந்த நேரம் உங்க கணக்குல எங்கீங்க?”

“அது டிரேயில வெட்டியே இருக்குமேம்மா.”

“நீங்க அளக்க வர்ற அன்னைக்கு இருக்குமுங்க. வாட்ச்சோட ஆபீசர் வர்றாருன்னா, சூப்பர்வைசர் எங்கள அரை மணி முன்னாடியே வரச்சொல்லி வெட்டி அடுக்கச் சொல்லிருவாருங்க. மத்த நாள்ல வெட்டி வெட்டித்தானுங்க சுத்தோணும்.”

“எங்க கம்பெனியிலயும் அப்படித்தானா?”

“அது எனக்குத் தெரியாதுங்க. நீங்கதான் பாக்கோணும்.”

பார்க்கத் தேவையிருக்கவில்லை. ஒவ்வொரு தடவை அளக்கப் போகும்போதும் முதல் நாளே கம்பி சுற்றும் பிரிவுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டுத்தான் போவார், வேலை தடைபடக் கூடாதே என்று. ஒவ்வொரு தடவையும் டிரேக்கள் நிறைந்து வரிசையாக இருந்தன. எல்லாவற்றையும் எதற்கு என்று கேட்கிற மனிதர், அந்த டிரே எப்படி நிறைந்தது என்று மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை.

அன்று மாலையே தொழிற்சாலைக்குப் பேசி நாற்பத்தாறை நிறுத்தினார். பிறகு குருவின் அறையில் வந்து உட்கார்ந்தார்.

“முடிஞ்சுதுங்க மேடம். நாளன்னைக்குக் கெடு. திரும்ப அளக்கறதுக்கு நாலு மாசமாச்சும் வேணும்.”

தாட்சாயணி விதிப் புத்தகத்தைத் திறந்து அவர் பக்கம் திருப்பினார். கருத்தரங்கில் எழுந்த கேள்வியால் திருத்த வேண்டி வந்தால் ஆறு மாதம் தரலாம், அந்த ஆறு மாதம் கெடுவில் சேராது என்று அதில் இருந்தது.

“இது உங்க சார்ட்ல எத்தனாவது படி சார்?”

“அத எடுத்துட்டேனுங்க. எனக்குத் தேவைப்படாதுன்னு.”

“சேர்த்துக்குங்க.”

இந்தத் தடவை இருதயராஜ் போன் பண்ணவில்லை. சூப்பர்வைசரிடம் சொல்லவில்லை. கம்பி சுற்றும் பெண்களிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, அவர்கள் சம்மதத்தோடு அளந்தார். முதல் இரண்டு நாள் செண்பகவல்லி கூட வந்து உட்கார்ந்து, எதை எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். ஸ்லீவ் தவிர இன்னும் நான்கு விஷயம் கிடைத்தது. நாற்பத்தாறு முப்பத்தொன்பதாக இறங்கியது. ஏழரை வருட ஆராய்ச்சியில் ஷிப்டுக்கு ஆளுக்கு ஒரே ஒரு மோட்டார் கூடியிருந்தது. அதையே எழுதிக் கொடுத்தார். வெளியிலிருந்து படித்த தேர்வாளர்கள் இருவரும் டிரே பற்றிய அத்தியாயத்தைத்தான் பாராட்டியிருந்தார்கள்.

பட்டம் உறுதியான அன்று லட்டு டப்பாவோடு வந்தார். முதலில் ஆய்வகத்துக்குத்தான் போனார். ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தைத் திறந்து காட்டினார். முதல் பெயர் செண்பகவல்லி.

“நீங்க கேக்கலைன்னா அம்பது பேரு என்னைத் திட்டிட்டே சுத்தியிருப்பாங்கம்மா. எனக்கு அது தெரிஞ்சே இருக்காது. சாகற வரைக்கும் உங்கள மறக்க மாட்டேன்.” சொல்லும்போதே அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

“அட என்னங்க சார் நீங்க, இதுக்குப் போயி” என்றார் செண்பகவல்லி. டப்பாவிலிருந்து இரண்டு லட்டை எடுத்துக்கொண்டார். ஒன்று பேத்தி பேரில்.

பிறகு குருவின் அறை. இருதயராஜ் கை கூப்பினார்.

“அன்னைக்கு நீங்க மட்டும் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருந்தீங்கன்னா...”

“உக்காருங்க சார். லட்டைக் கொடுங்க முதல்ல.”

அவர் உட்கார்ந்தார். பையிலிருந்து அந்தப் பழைய சார்ட்டை எடுத்து மேசையில் விரித்தார். ஐம்பத்தெட்டாவது படிக்கு வந்து, சட்டைப் பையிலிருந்து ரப்பரை எடுத்தார்.

“இந்த ‘டி’ய அழிச்சிட்டுச் சதுரம் போட்டுர்றேனுங்க மேடம். இது சோதனை. நான்தான் புரியாம தாமதம்னு போட்டுட்டேன்.”

தாட்சாயணி அவர் கையிலிருந்து ரப்பரை வாங்கிக்கொண்டார்.

“அழிக்காதீங்க. அது தாமதம்தான் சார்.”

“அப்படீங்களா?”

“செண்பகவல்லியக்கா பொள்ளாச்சியில இருந்து வந்து சேர ஆறு நாள் ஆச்சுல்ல.”