இசக்கிராஜின் இருப்பிடச் சான்று

காட்டுப்பன்றி கடலைச் செடியைத் தோண்டித் தின்கிறதே என்று, லீவில் வந்த பட்டாளத்துக்காரன் இசக்கிராஜ் துப்பாக்கி வாங்க லைசென்ஸ் கேட்டுப் போனான். தாசில்தார் அவனுடைய ராணுவ அடையாள அட்டையைத் தள்ளிவிட்டார்.

"நீ இருக்கிறது அஸ்ஸாம். இங்க குடியிருக்கிறவனுக்குத்தான் லைசென்ஸ். அங்க போய்க் கேளு."

"கேட்டேன் சார். சொந்த ஊர்ல கேளுன்னுட்டாங்க."

"அப்ப உனக்கு ஊரே இல்லப்பா" என்று சிரித்தார்.

மறுவாரம் குடியரசு தினம். பள்ளிக்கூட மேடையில் அதே தாசில்தார், முகத்தைக்கூடப் பார்க்காமல் இசக்கிராஜுக்குப் பொன்னாடை போர்த்தினார்.

"எங்கே பணி செய்தாலும் இவர் நம்ம ஊர்க்காரர். யாராலும் மறுக்க முடியாது" என்று மைக்கில் முழங்கினார். ஊரே கைதட்டியது.

இசக்கிராஜ் மைக்கை வாங்கினான்.

"ரொம்ப நன்றி சார். இப்பச் சொன்னதை அப்படியே ஒரு பேப்பர்ல எழுதி, சீல் வச்சுக் குடுத்திருங்க. பொன்னாடையை நீங்களே வச்சுக்கோங்க."