கடைசிப் பெயர் கட்டாயம்

உச்சிமாகாளி நெத்திலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். மடியில் சொளவு என்கிற முறம். கிள்ளுகிற வேகத்தைப் பார்த்ததுமே, இன்றைக்கு டீச்சர் சரியில்லை என்று கோயில்பிள்ளைக்குத் தெரிந்துபோனது.

அவனும்தான் சரியில்லை. அவளைவிட ஆறு வயது மூத்தவன், பட்டம் வாங்கியவன். அவள் பத்தாவதோடு நின்றவள். பிரவுசிங் சென்டரில் வேலைக்கு இருந்து, பார்த்துப் பார்த்தே புரோகிராம் எழுதப் படித்தவள். எட்டு மாதமாக அவளிடம்தான் கற்றுக்கொள்கிறான். பேசும்போது அவள் ஆள் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

“என்ன அண்ணாச்சி?” என்றாள், நிமிராமல்.

“சென்னைக் கம்பெனியில எடுத்துட்டாங்க டீச்சர். எந்தப் பிரிவுன்னு அஞ்சு மணிக்குள்ள சொல்லணும். இல்லைன்னா அடுத்த ஆளுக்குப் போயிரும். ரெண்டு வருசமா வேலை இல்லாம உக்காந்திருக்கேன்.”

“சந்தோசம்தானே?”

“என்ன சந்தோசம்? மச்சான் ஃபிரண்ட் எண்டுங்கான். திரையில தெரியுத வேலையாம், நாலு பேரு பாப்பாங்களாம். பக்கத்து வீட்டுக்காரன் பேக் எண்டுங்கான், திரைக்குப் பின்னால ஓடுத வேலையாம். மூணாவது டேட்டாபேஸ், எல்லாத்தையும் சேர்த்து வைக்குத எடம். டேட்டாபேஸ்காரன் குடோன்ல மூட்டை எண்ணுறவன்னு யூடியூப்ல ஒருத்தன் சிரிக்கான். மண்டை காயுது. நீங்க சொல்லுங்க. எது?”

அவள் இன்னொரு தலையைக் கிள்ளினாள்.

“பிள்ளைகளுக்குக் கண்ணு பாக்குற முகாமுக்குத் தாய்மார் பேரைப் பதிய நெட்டுல பக்கம் செஞ்சு கொடுத்தீங்கள்ல? அதுல என் பேரைப் பதிங்க.”

“இப்பவா? மணி நாலே கால்!”

“பதிங்க.”

பல்லைக் கடித்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தான். பெயரை அடித்தான்.

“கடைசிப் பேரு என்ன போட?”

“ச.”

“ஒரு எழுத்தை எடுக்காது டீச்சர்.”

“எங்கம்மா சண்முகக்கனி. ஆதார்ல ச. உச்சிமாகாளி. அவ்வளவுதான் என் பேரு.”

பொத்தானை அழுத்தினான். சிவப்பாக வந்து விழுந்தது: ‘கடைசிப் பெயர் கட்டாயம். குறைந்தது மூன்று எழுத்து.’

“ஏதாவது மூணு எழுத்தை அடிச்சு விட்டுற வேண்டியதுதான். எல்லாரும் அதைத்தான் செஞ்சாங்க.”

சொளவு தரையில் டக்கென்று இறங்கியது. முதல்முறையாக அவன் முகத்தை நேரே பார்த்தாள்.

“அடுத்த தெரு செல்லக்கனியும் அதைத்தான் செஞ்சா. இங்கிலீஷ்ல ஏ ஏ ஏன்னு அடிச்சிருக்கா. இன்னைக்குக் காலையில முகாம் வாசல்ல நர்சம்மா ‘செல்லக்கனி ஆஆஆ’ன்னு கூப்பிட்டாங்களாம். பல்லு டாக்டர் அடுத்த கட்டிடம்மான்னு ஒருத்தன் சொல்ல, கூட்டமே சிரிச்சிருக்கு. ஆதார்ல இந்தப் பேரு இல்ல, போயிட்டு வான்னுட்டாங்க. அவ பிள்ளைக்கு ஒரு கண்ணு மங்கிக்கிட்டு வருது அண்ணாச்சி. அடுத்த முகாம் ஆறு மாசம் கழிச்சு.”

அவன் முகம் சிவந்தது. “அந்தக் கட்டாயம் நான் எழுதினது இல்ல. எவனோ வெளிநாட்டுக்காரன் செஞ்சு வச்சது. அப்படியே எடுத்துப் போட்டேன்.”

“எடுத்துப் போட்ட கை யாருது?”

“நீங்களும் பாத்தீங்கள்ல!”

“பாத்தேன். விட்டுட்டேன். காலையில இருந்து என் மேலயே எனக்குப் பத்திக்கிட்டு வருது.” லேப்டாப்பைக் கையால் காட்டினாள். “சோதிச்சப்ப யார் பேரைப் போட்டீங்க?”

அவன் லேப்டாப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“சொல்லுங்க.”

“ஜான் ஸ்மித்.”

“அவருக்கு இந்தத் தெருவுல எந்த வீடு?”

அவன் கீபோர்டைக் குத்துகிற மாதிரி அடித்தான். திரையில் இருந்த கட்டாயத்தை எடுத்தான். சிவப்பு எழுத்து போயிற்று. பொத்தானை அழுத்தினான். பதியவில்லை.

“இங்க எடுத்துட்டேனே! இன்னும் எவன் மறிக்கான்?”

அவள் கருவாட்டுக்குத் திரும்பினாள். திரைக்குப் பின்னால் ஓடுகிற புரோகிராமைத் திறந்தான். அதில் தடை ஒன்றும் இல்லை. வந்ததை வாங்கி அனுப்புவதோடு சரி. அதற்கும் கீழே, பெயர்களைச் சேர்த்து வைக்கிற டேட்டாபேஸுக்குப் போனான். அங்கே இருந்தது. காலியாக விடக்கூடாது. மூன்று எழுத்துக்குக் குறையக்கூடாது.

“இங்க உக்காந்துக்கிட்டா மறிக்க, சவமே!” என்றான். இரண்டு வரியையும் அழித்தான். ச. உச்சிமாகாளி பதிவானாள்.

பட்டியலைக் கீழே உருட்டினான். ஏஏஏ. எக்ஸ்எக்ஸ்எக்ஸ். ஏபிசி. மறுபடி ஏஏஏ. நாற்பத்தொரு பெண்கள். எண்ணி முடித்தபோது மணி ஐந்தாக ஆறு நிமிடம் இருந்தது.

“டீச்சர், நேரம் ஆயிட்டு. நான் கேட்டதுக்கு ஒரு வார்த்தை சொல்லலை நீங்க. ஏசத்தான் செஞ்சீங்க. மச்சான் சொன்னதையே எழுதிப் போட்டுரவா?”

“யம்மா!” உள்ளே பிள்ளை விழித்துக்கொண்டது.

அவள் எழுந்து, கையைச் சேலையில் துடைத்தாள். குரல் இறங்கவில்லை.

“வாசல்ல நின்னவளைத் திருப்பி அனுப்புனது வாசல் இல்ல அண்ணாச்சி. நீங்களே பாத்தீங்கள்ல. உள்ள, பேரைச் சேர்த்து வைக்குத எடத்துல எவன் உக்காந்திருந்தான்? ஜான் ஸ்மித்தை மட்டும் தெரிஞ்சவன். அந்த எடத்துல, செல்லக்கனியைத் தெரிஞ்ச ஆளு ஒருத்தராவது உக்காந்திருந்தா, இன்னைக்கு அந்தப் பிள்ளை கண்ணு...”

“யம்மோவ்!”