இருவாச்சி ஓட்டின மர ரயிலு

ஒரு மலையில ஒரு இருவாச்சிப் பறவை இருந்துச்சாம். இத்தாம்பெரிய மஞ்ச மூக்கு, அது மேல கிண்ணத்தக் கவுத்த மாதிரி ஒரு கொண்டை. அதோட பொண்டாட்டி முட்டையிடறதுக்கு ஒசந்த மரத்துப் பொந்துக்குள்ள போயி, வாசல மண்ணையும் எச்சத்தையும் கொழைச்சுப் பூசி அடைச்சுக்கிச்சு. மூக்கு நீட்டுற அளவுக்கு ஒரு சந்துதான் மிச்சம். உள்ள ரெக்கையெல்லாம் உதுந்துருச்சு, பறக்க முடியாது. புருஷன்தான் அத்திப்பழம் கொண்டாந்து ஊட்டணும். ம் கொட்டு, அப்பத்தான் சொல்லுவேன்.

அப்போ, மரம் வெட்டுற கம்பெனி ஒண்ணு வந்துச்சு. தண்டவாளத்துக்கு அடியில போடக் கட்டை வேணுமாம். சர்ர் புர்ர்னு ரம்பம். மடமடன்னு சாயும், தொபீர்! சாஞ்ச மரத்தக் குட்டி ரயிலு ஒண்ணு அடிவாரத்துக்கு இழுத்துட்டுப் போகும். மலை வழிச்ச தலையாட்டம் ஆயிட்டே வந்துச்சு. அப்புறம் நம்ம மரத்துக்கிட்ட வந்துட்டாங்க. மேஸ்திரி பேரு சேமலையப்பன். மரமேறி பேரு பொம்மன்.

மொத நாளு கோடாலிய ஓங்கினாங்க. ஆண்பறவை பதறிப்போயி தலைக்கு மேல சுத்துச்சு. அந்த ரெக்கைச் சத்தம் இருக்கே, புஸ்ஸு... புஸ்ஸு... புஸ்ஸு... அசல் நீராவி இஞ்சின்!

"அடேய், ரயிலு வந்துருச்சு! லோடு ஏத்தணும், ஓடுங்கடா!"ன்னாரு மேஸ்திரி.

கீழ ஓடினா ரயிலும் இல்ல, புகையும் இல்ல. திரும்பி ஏறுறதுக்குள்ள பொழுது சாஞ்சுருச்சு.

ரெண்டாம் நாளும் புஸ்ஸு புஸ்ஸு. அன்னிக்கும் ஓடினாங்க. "டிரைவரு நம்மளப் பாத்து பயந்துட்டான் போல"ன்னான் பொம்மன். "உன் மூஞ்சியப் பாத்துருப்பான்"ன்னாரு மேஸ்திரி. சிரிக்காத, கேளு.

மூணாம் நாளு புஸ்ஸு புஸ்ஸு... ஒருத்தரும் அசையல. "ரயிலு என் மேல ஏறினாலும் நகர மாட்டேன்"ன்னு உக்காந்துட்டாரு மேஸ்திரி. சுத்திச் சுத்திப் பறவைக்கு மூச்சு வாங்குது. பொம்மன், மரத்த இழுத்துச் சாய்க்க மேல கயிறு கட்டணுமில்ல, கோடாலிக் காம்பால டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டே ஏறினான்.

உள்ள இருந்தவளுக்கு என்ன தெரியும்? புருஷன்தான் பழத்தோட வந்து மூக்கால தட்டுறான்னு நெனச்சு, சந்துல மூக்க நீட்டி "ஆ"ன்னா. பொம்மன் முகத்துக்கு நேரா!

"ஐயோ மேஸ்திரி, மரம் சோறு கேக்குது!"

"என்னடா ஒளர்ற?"

பொம்மன் சந்து வழியா எட்டிப் பாத்தான். "உள்ள தாய்ப்பறவைங்க. ரெக்கையே இல்ல. மரம் சாஞ்சா செத்துரும்."

"உள்ளயா? அப்ப மரம் பொந்தா?"

"நான் படுத்துக்கலாம், அத்தாம்பெரிய பொந்து."

மேஸ்திரி தலையத் தூக்கி அந்தச் சந்தப் பாத்தாரு. "பொந்துக் கட்டைய ரயிலுக்கு அடியில போட்டா நொறுங்கிரும். நமக்கு வேணாம், எறங்கு. டேய், தட்டாம எறங்கு"ன்னாரு. யாரும் வெட்டக் கூடாதுன்னு சுண்ணாம்பால மரத்துல பெருசா ஒரு பெருக்கல் குறி போட்டுட்டு, ஆளுங்களக் கூட்டிட்டுப் போயிட்டாரு.

அப்பாடா! ஆண்பறவை பறந்து போயி பழத்தோட வந்துச்சு. "இவ்வளவு நேரம் எங்க போனே?"ன்னு கேட்டா பொண்டாட்டி. "கொஞ்சம் வேலை"ன்னு சொல்லி ஊட்டி விட்டுச்சு.

அப்புறம் கம்பெனி போயிருச்சு. மொட்டை மலையில மண்ணு சரிஞ்சுச்சு, ஊத்து வத்துச்சு, அடிவாரத்து ஊரே குடத்தத் தூக்கிட்டு அலைஞ்சுச்சு. ஆனா பொந்து மரத்துக் குஞ்சு இருந்துச்சே, அதுவும் அதோட குஞ்சுங்களும், தூரத்துக் காட்டுல தின்ன பழத்துக் கொட்டைய இங்க வந்து துப்புச்சுங்க. அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, பச்சுப் பச்சுன்னு மொளைச்சு மலை மறுபடி காடாச்சு. ஊத்தும் திரும்ப வந்துச்சு.

இப்ப படுக்கும்போது மடக்கு மடக்குன்னு குடிச்சியே, அந்த ஊத்துத் தண்ணிதான்.

கதை அவ்வளவுதான். ஒருக்களிச்சுப் படு. தூங்கு.