பாறைமேல் கையசைத்தவர்கள்

பொய்யைப் பிடிப்பது சிதம்பரதாணுவின் வேலை.

ஊர் சுற்றுகிறவர்கள் விடுதிக்கும் உணவகத்துக்கும் படகுக்கும் நட்சத்திரம் போடும் இணையதளம் ஒன்றில் அவர் இருந்தார். கூலிக்குப் புகழ்கிறவர்கள், போட்டிக்காரனைக் கவிழ்க்க இகழ்கிறவர்கள், நூறு பெயர்களுக்குள் ஒளிந்திருக்கும் ஒரே ஆள். இவர்களைச் சலித்து எறியும் மென்பொருளை அவர்தான் எழுதினார். அதைச் சல்லடை என்பார்.

கொஞ்ச காலமாக அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கூவைமலை அணைக்கரையில் வசித்த தன் குருவான அம்மையைப் பார்க்க வந்தார். அம்மை அவரைவிட வயதில் இளையவர். சீடர் குருவை அம்மா என்றார். குரு சீடரை ஐயா என்றார்.

“அம்மா, எனக்குப் பயமாக இருக்கிறது.”

“எதைக் கண்டு?”

“பொய் சொல்கிறவர்கள் என்னைவிட வேகமாகக் கற்றுக்கொள்கிறார்கள். இத்தனை பொய்க்குரல்களுக்கு நடுவே மெய்க்குரலை எப்படி அறிவது?”

அம்மை எழுந்தார்.

“அக்கரைச் சாஸ்தா கோயில் வரை போய்வருவோம். வாருங்கள்.”

இருவரும் படகுத்துறைக்கு இறங்கினார்கள். படகின் பெயரைப் பார்த்ததும் சீடரின் முகம் மலர்ந்தது.

“இந்தப் படகா! போன வாரம் இதை நான்தான் காப்பாற்றினேன், அம்மா.”

“காப்பாற்றினீர்களா?”

“ஒரே நாளில் பதினோரு பேர் இதைப் பழித்து எழுதினார்கள். எல்லாம் அன்றைக்குத் தொடங்கிய கணக்குகள். எல்லாம் ஒரே கைபேசி. வார்த்தைகூட மாறவில்லை. ‘நடுவுல போனதும் பலகை வழியா தண்ணி ஏறுது, ஏறாதீங்க.’ பதினோரு பேரும் அதையேதான் எழுதியிருந்தார்கள். மோட்டார் லாஞ்சு விடுகிற போட்டிக்காரரின் வேலை என்று சல்லடை சொன்னது. அழித்துவிட்டேன்.”

“புகழ்ந்தவர்கள்?”

“அவர்கள் பல ஊர்க்காரர்கள். ஒருவர் காற்றைப் பற்றி எழுதியிருந்தார். ஒருவர் படகோட்டியின் பாட்டைப் பற்றி. ஒன்றைப் போல ஒன்று இல்லை. மனிதர்கள் அப்படித்தானே எழுதுவார்கள்?”

“பழித்தவர்கள் எங்கிருந்து எழுதினார்கள்?”

“அதுதான் வேடிக்கை. அக்கரையில் ஏதோ ஒரு பாறை. வீடு வாசல் எதுவும் இல்லாத இடம். ஒரு மனிதன் அங்கே எதற்கு நிற்கப்போகிறான்?”

அம்மை நீருக்கு அப்பால் கைகாட்டினார். அக்கரையில் ஒரு பெரிய பாறை இருந்தது. அதன்மேல் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நடுவில் ஒரு பெண் கைபேசியை உயரப் பிடித்திருந்தார்.

“அங்கன்வாடி டீச்சர்,” என்றார் அம்மை. “அக்கரைக் குடியிருப்பில் போன் வைத்திருப்பது அவர் ஒருவர்தான். அங்கே சிக்னல் கிடைப்பதும் அந்தப் பாறையில்தான்.”

சீடர் பாறையையும் படகையும் மாறி மாறிப் பார்த்தார்.

அதற்குள் ஒரு குடும்பம் படகில் ஏறிக்கொண்டிருந்தது. கணவர், மனைவி, வயதான தாய், சிவப்புக் கவுன் போட்ட ஒரு சிறுமி. படகோட்டி கொம்பையா துடுப்பை எடுத்தார். படகின் அடியில் ஒரு சாக்கு விரித்திருந்தது. மூலையில் வாய் அறுத்த எண்ணெய் டப்பா ஒன்று கிடந்தது.

“அண்ணே, நீங்க ரொம்ப நல்லா பாடுவீங்கன்னு போட்டிருக்காங்க,” என்றார் அந்த மனைவி. “போறப்ப ஒண்ணு எடுத்து விடுங்க.”

“பாட்டா? நானா?” கொம்பையா சிரித்தார். “நான் வாயைத் தொறந்தா மீனு செத்து மெதக்கும் தாயி. எவன் சொன்னான்?”

எல்லாரும் சிரித்தார்கள். சீடர் சிரிக்கவில்லை.

பாறைமேல் நின்றவர்கள் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி அசைக்கத் தொடங்கினார்கள். அவர்கள் கத்தியது காற்றில் கரைந்துபோயிற்று.

“பாட்டி, நம்மளக் கூப்பிடுறாங்க!” சிறுமி துள்ளினாள். அவளும் இரண்டு கைகளையும் தூக்கி அசைத்தாள்.

“ஏறாதீங்க!” சீடர் தன் குரலைத் தானே கேட்டார். “இறங்குங்க. தயவுசெஞ்சு இறங்குங்க.”

கணவர் திரும்பினார். “யாரு சார் நீங்க?”

“இந்தப் படகுல தண்ணி ஏறும்.”

“நீங்க இதுல போயிருக்கீங்களா?”

“இல்லை.”

“பொறவு எப்படித் தெரியும்?” கொம்பையா துடுப்பை ஊன்றினார். “லாஞ்சுக்காரன் அனுப்புன ஆளு, சார். புதுசு புதுசா வருவானுவ. மொதலாளி நெதமும் இவனுவளோடதான் மல்லுக்கட்டுதாரு.”

கணவர் தன் கைபேசியை நீட்டினார். “பாருங்க. நாலே முக்கால் ஸ்டார். ஒரு குறைகூட இல்ல.”

“இருந்தது.”

“எங்க?”

சீடர் அந்தத் திரையைப் பார்த்தார். இந்த நிமிடம் அவர் ஒரு புதிய கணக்கு. முன்பின் தெரியாத ஒரே குரல். ஆதாரம் இல்லாத அதே வாக்கியம். தன்னிடம் வந்திருந்தால் தானே இதை அழித்திருப்பார்.

அவர் அம்மையைப் பார்த்தார். அம்மை கரையிலேயே நின்றார்.

கொம்பையா துடுப்பால் கரையைத் தள்ளினார்.

சீடர் தண்ணீருக்குள் இறங்கினார். அவருக்கு நீச்சல் தெரியாது. இடுப்பளவு, பிறகு மார்பளவு. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, உள்ளே எட்டி, அந்தச் சாக்கைப் பற்றி இழுத்தார். “யோவ், பைத்தியமா உமக்கு?” என்று கொம்பையா கத்தினார். கிழவி வீரிட்டாள்.

சாக்கு வந்தது.

தார் பூசிய பலகைகளின் நடுவே விரல் நீளத்துக்கு ஒரு பிளவு. அதன் வழியாகத் தண்ணீர் சத்தமில்லாமல் ஊறிக்கொண்டிருந்தது. சிறுமியின் செருப்பு நனைந்தது. அவள் கையசைப்பதை நிறுத்திக் கீழே பார்த்தாள்.

கொம்பையா துடுப்பைக் கீழே வைத்தார்.

“டப்பா வச்சிருக்கேன் சார். மொண்டு ஊத்திக்கிட்டே போயிருவேன்,” என்றார் கொம்பையா, தாழ்ந்த குரலில். “மொதலாளி அப்பிடித்தான் ஓட்டச் சொல்லுதாரு. எனக்கு நீச்சல் தெரியும்.”

கணவர் மகளை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

படகு நகராமல் நிற்பதை அப்போதுதான் சீடர் கவனித்தார். கட்டுக்கயிறு விறைத்திருந்தது. அதன் மறுமுனை கரையில் அம்மையின் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. எப்போதிலிருந்து என்று அவருக்குத் தெரியவில்லை. அம்மை கயிற்றை மெல்ல இழுத்துப் படகைக் கரை சேர்த்தார்.

குடும்பம் இறங்கிப் போயிற்று. யாரும் சீடருக்கு நன்றி சொல்லவில்லை. கணவர் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார், பயத்தோடு. பாறைமேல் கைகள் இறங்கின.

சீடர் படியில் உட்கார்ந்தார். வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது. பல் கிட்டித்தது.

“அம்மா, இந்தப் படகைப் பற்றி உங்களுக்கு முன்பே தெரியுமா?”

“தெரியும்.”

“எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொன்னேன் ஐயா. அந்தப் பாறையில் வரிசையில் நின்று சொன்னேன். எனக்கு முன்னால் ஆறு பேர், பின்னால் நான்கு பேர்.”

சீடர் கெஞ்சுவது போலக் கேட்டார்.

“நீங்களாவது வேறு வார்த்தைகளில் எழுதியிருக்கக் கூடாதா? ஏன் அம்மா எல்லோரும் ஒன்றையே எழுதினீர்கள்?”

அம்மை மணிக்கட்டிலிருந்து கயிற்றை அவிழ்த்தார். தோல் கன்றிச் சிவந்திருந்தது.

“ஓட்டை ஒன்றுதானே, ஐயா.”